நிலவின் நிழலில் பனிக்கட்டி!

இந்தியா, அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று பல நாடுகளும் நிலவின் தென்துருவத்தையே குறி வைக்கின்றன. ஏன் தெரியுமா? அங்கே தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அதை உருக்கிக் குடிக்கலாம். ஆக்சிஜனைப் பிரித்துச் சுவாசிக்கலாம். ஹைட்ரஜனை ராக்கெட்டுக்கு எரிபொருளாக்கலாம்.

சரி, அது பனிக்கட்டிதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? துருவப் பகுதியில் உள்ள சில பள்ளங்களின் அடியில் சூரிய ஒளி நேராக விழுவதே இல்லை. எப்போதும் இருட்டு, கடுங்குளிர். அங்கே கைகொடுத்தது அகச்சிவப்புக் கதிர்.

கனலும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி நின்றாலும் முகத்தில் சூடு உறைக்கிறது அல்லவா? அதைச் சுமந்து வருவது அகச்சிவப்புக் கதிர்தான். நம் கண்ணுக்குத் தெரியாத இக்கதிர் சூரிய ஒளியிலும் உண்டு. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்பும். பனிக்கட்டி விழுங்குவது 1.3, 1.5, 2 மைக்ரான் அலைநீளங்களை. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.) திரும்பி வரும் ஒளியில் இந்த மூன்றும் குறைந்திருந்தால், அதுவே பனிக்கட்டியின் கைரேகை!

2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 புறப்பட்டது. திட்ட இயக்குநர், பொள்ளாச்சி அருகேயுள்ள கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. அதில் நாசா தந்த 'எம்-3' என்ற அகச்சிவப்புக் கருவியும் இருந்தது. இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய விண்கலம், 2009 ஆகஸ்ட் 29 அன்று பேச்சை நிறுத்திவிட்டது. ஆனால், அது அனுப்பிய பதிவுகள் பத்திரமாக இருந்தன. அடுத்த மாதமே, நிலவின் மண்ணில் நீரின் அடையாளம் இருப்பதாக அறிவித்தார்கள். 2018-ல் வேறு விஞ்ஞானிகள் அதே பதிவுகளை மீண்டும் அலசினார்கள். பள்ளத்தின் சுவரில் பட்டுச் சிதறி உள்ளே விழும் மங்கிய ஒளியில் அந்த மூன்று குறைவுகளும் தெரிந்தன!

ஆனால், அகச்சிவப்புக் கதிர் மேல்பரப்பை மட்டுமே காட்டும். பனிக்கட்டி எவ்வளவு ஆழம், எவ்வளவு எடை என்று சொல்லாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது, பூமியில் துளை போட்ட பிறகுதானே தெரிந்தது? நிலவிலும் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து அதற்காகவே ஓர் ஊர்தியை அனுப்பத் திட்டமிட்டுள்ளன.

2023-ல் சந்திரயான்-3 திட்டத்தை நடத்தியவர் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அடுத்த துளையைப் போடப்போவது யார்? குறிஞ்சிப்பாடிப் பிள்ளையாகவும் இருக்கலாமே!