வேலியைப் பிடுங்கியவர்கள்

விதி 170 இனி இல்லை. 2018 டிசம்பரில் வந்த விதி அது. 2024 ஜூலை 1-ஆம் தேதி அறிவிக்கையில் ஒன்றிய ஆயுஷ் அமைச்சகத்தினர் அதை நீக்கினார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில், மருந்து விளம்பரங்கள் பற்றிய அந்த வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகிவிட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை விளம்பரம் செய்யும் முன் மாநில உரிம அதிகாரியிடம் அனுமதி எண் வாங்க வேண்டும் என்பதுதான் அந்த விதி சொன்னது. அதைக்கூடத் தாங்க முடியவில்லை இவர்களால்.

விதி கேட்டது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. இந்த மருந்து எந்த நூலில் சொல்லப்பட்டிருக்கிறது, என்ன நோய்க்கு, பாதுகாப்பானது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதை எழுதிக் கொடுக்கச் சொன்னது. மிகைப்படுத்தக் கூடாது, பிரபலங்களின் படத்தையும் சான்றையும் போடக் கூடாது என்றது. தலைமுறை தலைமுறையாக நாடி பிடித்துப் பார்த்து மருந்து கொடுக்கும் சித்த வைத்தியருக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் விளம்பரம் செய்வதில்லை. நஷ்டம் யாருக்கு என்றால், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கி, ‘கொழுப்புக் கல்லீரல் நாற்பத்தைந்து நாளில் குணம்’ என்று கூவுகிறவருக்கு. அவருடைய நஷ்டத்தைத்தான் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று இப்போது சமாதானம் சொல்கிறார்கள். இருக்கிறது. மாயமந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், விளம்பரம் வெளிவந்த பிறகுதான் வேலை செய்யும். யாராவது புகார் கொடுக்க வேண்டும், வழக்குப் பதிய வேண்டும், குற்றம் நிரூபணமாக வேண்டும். முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம். அதற்குள் மருந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு அணை போடும் சட்டத்தைக் காட்டி, வெள்ளத்துக்கு முன்னால் நின்ற ஒரே மதகையும் உடைத்துவிட்டார்கள்.

கல்லீரல் நோய்க்கான புறநோயாளிப் பிரிவு எதிலாவது ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் இதன் விலை தெரியும். கண் முழுக்க மஞ்சள் பூத்த ஒருவர் வந்து உட்காருவார். குடிப்பழக்கம் உண்டா என்பது மருத்துவரின் முதல் கேள்வி. நாட்டு மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்பது இரண்டாவது. ‘இல்லை’ என்பார் நோயாளி. பக்கத்தில் நிற்கும் மனைவி கொஞ்சம் தயங்கி, மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைப்பார். லேபிள் பாதி உரிந்திருக்கும். மூடியின் மரையில் லேகியம் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருக்கும். உள்ளே என்ன மூலிகை, எத்தனை கிராம், உலோகம் ஏதும் சேர்ந்திருக்கிறதா, எதுவும் அதில் இருக்காது. ‘டிவியில பார்த்துத்தாங்க வாங்கினோம்’ என்பார் அந்த அம்மா. அவர்மேல் என்ன தப்பு?

காமாலையைப் போல ஏமாற்ற வசதியான நோய் வேறு இல்லை. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வருகிற காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் எந்த வேரை அரைத்துக் குடித்தாலும் பெயர் வேருக்குத்தான் போகும். ஆனால் பி, சி வைரஸ்கள் அப்படியல்ல. அவை இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கும். 2022 கணக்குப்படி இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2.98 கோடி, ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் 55 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஹெபடைடிஸ் சி இன்று மாத்திரையால் குணமாகும் நோய். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, லேகியத்தை நம்பி இரண்டு வருடம் காத்திருந்து, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறவரிடம் எந்த அதிகாரி போய் விளக்கம் சொல்வார்?

இது அலோபதிக்காரர்களின் பொறாமை என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மருந்துகளால் கல்லீரல் கெடுவதைப் பற்றி இந்தியா முழுவதும் 1,288 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் முதல் இடத்தில், சுமார் 46 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தவை காசநோய் மாத்திரைகள். அதாவது அலோபதி மருந்துகள்தான். மூலிகை உள்ளிட்ட மாற்று மருந்துகள் 14 சதவீதத்தோடு இரண்டாம் இடம். தங்கள் மருந்தைத் தாங்களே முதல் குற்றவாளியாக எழுதிய மருத்துவர்களைப் பார்த்துப் பொறாமை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? காசநோய் மாத்திரை தரும்போது, வாந்தி வந்தால், கண் மஞ்சளானால் உடனே வா என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த எச்சரிக்கை லேகிய டப்பாவில் ஏன் இருக்கக் கூடாது?

அதே 2021-இல் சீந்தில் விவகாரம் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலைக் காய்ச்சிக் குடித்து மும்பையில் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. பலருக்கு, உடலின் எதிர்ப்பு சக்தியே தன் கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் தெரிந்தது. பொறுப்புள்ள நிர்வாகம் என்ன செய்திருக்கும்? அந்த நோயாளிகள் குடித்ததைத் தேடி வாங்கிச் சோதித்திருக்கும். இவர்கள் மறுப்பு அறிக்கை விட்டார்கள். ஆய்வு தவறான எண்ணத்தைத் தருகிறது, அது வேறு கொடியாக இருக்கலாம் என்றார்கள். 2022 பிப்ரவரியில், சீந்திலைப் போலவே தோன்றும் இன்னொரு கொடி கேடு செய்யலாம் என்று அவர்களே சொன்னார்கள். சரி, அந்தப் போலி சந்தையில் கலந்து வருகிறது என்றால் வாங்குகிற மக்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது?

நம் ஊர் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். காமாலை என்றதும் நாம் தேடிப் போகிற கீழாநெல்லியைச் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பெர்க் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதுவும் மருத்துவ இதழ்களில் அச்சானது. நம் மூலிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன? சோதிக்கத் தகுந்தது என்று மதித்துச் சோதித்தார்கள். இன்றைய முடிவெடுப்பாளர்கள் மூலிகையைச் சோதனைக்கு அனுப்பவில்லை, விளம்பரத்துக்கு அனுப்புகிறார்கள்.

இவர்களின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்க்கலாம். 2020 ஜனவரி 29-ஆம் தேதி, நாட்டில் முதல் கொரோனா நோயாளி உறுதியாவதற்கு ஒரு நாள் முன்பு, ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மாத்திரையைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தார்கள். புதிய வைரஸ் அது. அதன்மேல் எந்த மருந்தும் அன்று சோதிக்கப்பட்டிருக்கவே இல்லை. 2023 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, விதி 170 சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கும்போதே, அதன்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். தாங்கள் போட்ட விதியைத் தாங்களே மீறச் சொல்லும் கடிதம். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்றார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விதியையே எடுத்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் ஒன்று சொல்லி அறிவிக்கையில் வேறொன்று செய்கிறவர்களை நம்பித்தான் இந்த நாட்டின் நோயாளிகள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். இதைவிடக் கடுமையாகச் சொல்ல நமக்கு வார்த்தை இருக்கிறது. அச்சில் ஏற்ற முடியாது.

முன்அனுமதி ஏதோ ஒரு வடிவில் திரும்ப வந்தாக வேண்டும். அதன் எண் 170 ஆக இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்கட்டும். மாநில உரிம அதிகாரிகளுக்குக் கூடுதல் ஆள் தேவை என்றால் கொடுக்கட்டும். ஆய்வுக்கூடம் தேவை என்றால் கட்டட்டும். கல்லீரல் மருத்துவர்களையும் சித்த, ஆயுர்வேத வல்லுநர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, மருத்துவமனைக்கு வரும் அந்த டப்பாக்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சோதித்துச் சொல்லட்டும். அது வரைக்குமாவது அந்த நள்ளிரவு விளம்பரங்களை நிறுத்திவைக்கட்டும்.