அனுமதிப்பத்திரமும் வறண்ட பீலியும்

சுற்றாடல் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பத்தாம் வகுப்பிற் பணித்தபொழுது, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, “சேர், மலையைக் குடையிறதுக்கும் பெர்மிட் வேணுமா?” என்று கேட்டாள். வேண்டும் என்றேன். “அப்ப யாருகிட்டக் கேட்டுக் கொடுத்தாங்க?” என்றாள். அவளுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடியே இதனை எழுதுகிறேன்.

சட்டத்திற்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை. 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் பிறந்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு கடிவாளங்களை அமைத்தது. கழிவை வெளியேற்றும் தொழிலகம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பது ஒன்று; பெருந்திட்டங்கள் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டின்பின்னரே அங்கீகாரம் பெறவேண்டும் என்பது மற்றொன்று. 2008ஆம் ஆண்டு வர்த்தமானி தொழிலகங்களை அவற்றின் தீங்கிற்கேற்ப மூன்று பட்டியல்களாக வகுத்தது. கடுந்தீங்குடையவை ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று அது விதித்தது; ஏனையவற்றுக்கு மூன்றாண்டு என்றது. சிறுதொழில்களுக்கான பத்திரம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு விடப்பட்டது. அபாயகரமான கழிவுகளைக் கையாள்வதற்குத் தனி உரிமமும் அவ்வாண்டே வந்தது. காகிதத்தில் எக்குறையும் இல்லை.

இனி மலைக்கு வருவோம். உமா ஓயா பல்நோக்குத் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டு ஏப்ரலில், இலங்கை, ஈரான் சனாதிபதிகள் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுற்றாடல் மதிப்பீட்டின்மீது அங்கீகாரம் கிடைத்ததோ 2011இல். கல் முந்தியது; ஆய்வு பிந்தியது. இரு நாட்டுத் தலைவர்கள் கைவைத்து நாட்டிய கல்லைப் பெயர்த்தெறியும் துணிவு எந்த எழுதுவினைஞருக்கு இருக்கும்? முடிவு செய்தபின் நடத்தப்படும் விசாரணைக்குச் சடங்கு என்பதே பெயர்.

சடங்கின் பலன் விரைவில் தெரிந்தது. 15 கிலோமீற்றருக்கு மேல் நீளும் சுரங்கவழியைக் குடைகையில், 2014 டிசம்பரில் பாறை வெடிப்புகளினூடாக நிலத்தடி நீர் உட்பெருகியது. 2017 ஏப்ரலில் மீண்டும் பெருகியது. மலையின் வயிற்றில் தேங்கிய நீர்தான் மேலே கிணறாயும் ஊற்றாயும் பீலியாயும் வெளிப்படுவது. அடியில் துளையிட்டு அதனை வடியவிட்டால் மேலே கிணறு வற்றும். நீரிழந்த மண் அமிழும். அதன்மேல் நின்ற சுவர் பிளக்கும். பண்டாரவளைப் பிரதேசத்தில் இவை யாவும் நிகழ்ந்தன. ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளை வீதிகளில் திரண்டனர். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திட்டம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது.

“மின்சாரம் வேண்டாமா? தென்புலத்து வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டாமா?” என்பர் சிலர். வேண்டும். 120 மெகாவாட் மின்சாரத்தை நாம் பழிக்கவில்லை. மொனராகலையின் ஏழை உழவன் நமக்குப் பகைவனும் அல்லன். ஆனால், ஓர் ஏழையின் கிணற்றை வற்றச்செய்துதான் மற்றோர் ஏழையின் வயலை நனைக்கவேண்டும் என்று விதித்தவர் யார்? இழப்பை முன்கூட்டி அளந்து, அதனைத் தாங்குவோரிடம் உரைத்து, தடுக்கும் வழி கண்டபின் தொடங்குவதற்காகத்தானே அந்தச் சட்டம்!

மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்ற அறிவித்தலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் வெளியிட்டு, முப்பது நாட்களுக்குள் கருத்துக் கேட்குமாறு சட்டம் பணிக்கிறது. காலையிற் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறி, மாலையில் விறகோடு லயத்துக்குத் திரும்பும் பெண் எந்த அலுவலகத்தில், எந்த நேரத்தில் அவ்வறிக்கையைப் புரட்டுவாள்? 1948இல் அவள் பாட்டியின் குடியுரிமையைப் பறித்த நாடு இது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்ட மக்களின் வாக்கு சபைக்கு வேண்டியிருந்தது. அவர்களின் குப்பையும் வாய்க்காலும் வேண்டாதவையாயின.

காகிதம் இருந்தும் உயிர் போனதற்கு மீரியபெத்தை சாட்சி. அம்மலை சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மாற்று நிலம் கொடுத்து மக்களைக் குடியேற்றுவார் இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. சுரங்கத்திற்கு மலையைக் கண்டெடுத்த அரசுக்கு, அச்சிறு குடியிருப்புக்கு நிலம் கிடைக்கவில்லை!

நாம் கேட்பவை அரியன அல்ல. அங்கீகாரம் கிடைக்குமுன் அடிக்கல் நாட்டுவது குற்றமாகவேண்டும். அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக, பிரட்டுக்களத்திலும் கிராமத்து விகாரை முன்றிலிலும் வாசிக்கப்படவேண்டும். நட்டஈட்டை வேலை தொடங்குமுன் ஒதுக்கிவைக்கவேண்டும். கிணறிழந்த சிங்கள விவசாயியும் பீலியை நம்பி வாழும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கோரிக்கையின்கீழ் கையொப்பமிட்டாலன்றி இவை கைகூடா. அவ்விருவரும் தனித்தனியே நிற்கும்வரை அனுமதிப்பத்திரங்கள் அச்சாகிக்கொண்டே இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, சுற்றாடற் பாடத்தில் மரம் நடுவதைக் கற்பிக்கிறோம். நல்லதுதான். அறிவித்தல் ஒன்றை வாசித்து, முப்பது நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதவும் கற்பிப்போம். என் மாணவிக்கு நான் கொடுக்கவேண்டிய விடை, “உன்னிடம் கேட்கவில்லை” என்பதே. அடுத்த மலையைக் குடையவரும்போது அவளிடம் கேட்காமல் அவர்கள் கடந்துபோக முடியாதிருக்கவேண்டும்.