குணமடைந்தவர்கள் பேசட்டும்

காசநோய் என்று டாக்டர் நிச்சயித்துச் சொல்லிவிட்ட ஒருவருக்கு இன்று நம் நாட்டில் பல உதவிகள் கிடைக்கின்றன. சளிப் பரிசோதனைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் கேட்பதில்லை. ஆறு மாதத்து மாத்திரைகளும் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றன. போஷாக்கான உணவுக்கென்று 2018-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கம் மாதம் 500 ரூபாய் அளித்து வந்து, 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், அந்த மனிதருக்குப் பெரும்பாலும் கிடைக்காத உதவி ஒன்று உண்டு. அதே வியாதியில் வீழ்ந்து, அதே மாத்திரைகளை விழுங்கி, அதே உபத்திரவங்களைச் சகித்து, பூரண குணம் பெற்று எழுந்த வேறொருவர் எதிரே வந்து உட்கார்ந்து சொல்லக்கூடிய நாலு வார்த்தைகள்தாம் அது. அந்த வார்த்தைகளும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதும், அவற்றை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிடாமல் அரசாங்கமே பொறுப்பேற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் நம் அபிப்பிராயம்.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் க்ஷயரோகத்துக்கு வைத்தியம் என்று இருந்தவை நல்ல காற்று, பூரண ஓய்வு, புஷ்டியான ஆகாரம் ஆகிய மூன்றே. இவற்றை அளிப்பதற்காக ஊர்ச் சந்தடிக்கு அப்பால் ஸானடோரியங்கள் ஏற்பட்டன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் கிறிஸ்தவ மிஷன்கள் கூடி நிறுவியதும், இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் இத்தகைய நிலையமொன்றை நடத்திப் பெயர் பெற்ற டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியதும் தென்னாட்டில் பிரசித்தி பெற்றவை. ஆனால் அங்கெல்லாம் இருந்த கட்டில்கள் சில. நாட்டில் இருந்த நோயாளிகளோ பல லட்சம். இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் கிடந்து இருமியபடியே காலத்தைத் தள்ளினார்கள்.

இந்த நிலையை மாற்றிய பெருமை சென்னை நகரத்தைச் சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை ராஜ்ய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஒன்றுகூடி 1956-இல் இங்கே ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்க, டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில், நகரத்து ஏழைகளான 193 நோயாளிகளில் ஒரு பாதியினரை ஸானடோரியத்திலும் மறுபாதியினரை நெருக்கடி மிகுந்த தத்தம் வீடுகளிலுமே வைத்து, இரு சாராருக்கும் ஐஸோநயாஸிட், பாஸ் என்ற ஒரே மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தார்கள். ஸானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் ஆகாரமும் மிகுதி. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் குறைவு. அப்படியிருந்தும் குணம் கண்டவர்களின் விகிதத்தில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தார்க்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவில்லை என்றும் 1959-இல் வெளியான அறிக்கையும் பின்னர் வந்த அறிக்கைகளும் தெரிவித்தன. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை கட்டிலை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கியமான காரணம். அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இந்த மாறுதலால் கோடிக்கணக்கான ஏழைகள் பிழைத்தார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. பழைய ஸானடோரியங்களை மீண்டும் திறக்க வேண்டுமென்று கேட்பவர் யாருமில்லை. ஆயினும் லாபக் கணக்கை எழுதுகிறபோது, கூடவே நேர்ந்த நஷ்டத்தையும் ஒரு வரியில் குறித்துக்கொள்வது நியாயம். ஸானடோரியத்து வார்டில் புதிதாக வந்து படுத்தவன், தனக்கு முன்னே வந்தவன் எழுந்து நடமாடுவதையும், எடை கூடுவதையும், ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவதையும் கண்ணால் கண்டான். மரணங்களையும் அவன் கண்டான் என்பது வாஸ்தவமே. ஆனாலும் தான் ஒருவனே சபிக்கப்பட்டவன் என்று எண்ண அங்கே இடமில்லாதிருந்தது. இன்றைய நோயாளியோ மாத்திரைப் பட்டையைத் துணி அடுக்கின் அடியில் மறைத்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்கும் வேலை செய்யும் இடத்தாருக்கும், சில வீடுகளில் கட்டிய கணவனுக்கும்கூடத் தெரியாமல், ஆறு மாத காலத்தைத் தன்னந்தனியே கழிக்கிறார்.

இந்தத் தனிமையால் வரும் தீங்கு மனத்தோடு நிற்பதில்லை. சிகிச்சை தொடங்கிய சில நாளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. ரத்தம்தான் போகிறதோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிஸின் மருந்தின் நிறமே தவிர வேறொன்றுமில்லை என்பதை, அனுபவித்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். காலையில் மாத்திரைகளை விழுங்கியதும் குமட்டிக்கொண்டு வருவது, மூட்டுக்கு மூட்டு வலிப்பது, பாதத்தில் எரிச்சல் எடுப்பது ஆகியவற்றில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை டாக்டரிடம் சொன்னால் அவர் ஒரு வைட்டமின் மாத்திரையைச் சேர்த்தோ வேளையை மாற்றியோ தணித்துவிடுவார், கண் மஞ்சளித்தாலும் பார்வை மங்கினாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பனவெல்லாம் அவருக்குப் பாடம் படிக்காமலே தெரிந்தவை. இரண்டு மூன்று மாதங்களில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும் அந்தச் சமயந்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பதையும், அப்போது மருந்தை விட்டவர்களுக்கு நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைகள் பலிக்காமற்போன கதையையும் அவர் சொல்வது போல் வேறெவரும் சொல்ல முடியாது. டாக்டருக்கு இவை யாவும் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நீண்டு நிற்கிறபோது ஒருவருக்கென்று ஒதுக்க அவரிடம் சில நிமிஷங்களே உள்ளன. அன்றியும், ‘இப்படி நேரலாம்’ என்று அறிந்தவர் சொல்வதற்கும், ‘எனக்கு இப்படி நேர்ந்தது, பிழைத்து உன் எதிரே இருக்கிறேன்’ என்று அனுபவித்தவர் சொல்வதற்கும் உள்ள வேற்றுமை கேட்பவரின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

குணமடைந்தவர்கள் மௌனமாக இருப்பதனால் சமூகத்தின் ஞாபகத்திலும் ஒரு கோணல் விழுந்துவிட்டது. க்ஷயம் என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது, அந்நோய் என்று கருதியே சிகிச்சை அளிக்கப்பட்டு 1920-இல் மறைந்த ராமானுஜனும், 1948-இல் அதற்குப் பலியான புதுமைப்பித்தனுமே. மற்றவர்களுக்கு நினைவு வருவது கைக்குட்டையில் ரத்தம் கக்கிச் சாகும் சினிமாப் பாத்திரங்கள். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்றால், சிகிச்சை முடிந்து கடைக்கும் கழனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பிப் போனவர்களும் லட்சோபலட்சம் பேர் நம்மிடையே இருக்க வேண்டுமல்லவா? அவர்கள் பேருந்தில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், வாயைத்தான் திறப்பதில்லை. மாண்டவர்களின் கதை மட்டும் ஊரில் உலவிக்கொண்டிருக்கும் வரையில், சரியான மருந்தை ஒழுங்காக உண்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடும் என்ற உண்மையை எத்தனை சுவரொட்டிகளில் அச்சிட்டாலும் ஜனங்கள் நம்பப்போவதில்லை.

நோயாளிகளின் பேச்சு சக நோயாளிக்கு மட்டும் பிரயோஜனப்படுவதில்லை; வைத்திய சாஸ்திரத்துக்கும் அது ஒரு சாட்சியம். மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கானமைஸின் என்னும் ஊசியை மாதக்கணக்கில் போட்டு வந்தார்கள். அந்த வகை ஊசிகள் காதின் நரம்பைக் கெடுக்கக்கூடியவை என்பது மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருந்த விஷயந்தான். ஆனால் உயிரைக் காக்கக் கொடுக்க வேண்டிய விலை என்று அது ஒரு பட்டியலின் கட்டத்துக்குள் அடங்கிக் கிடந்தது. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமேஸா டிசிலேயும் இளம் வயதிலேயே இச்சிகிச்சையில் செவிப்புலனை இழந்தவர்கள். உயிரோடு இருப்பதற்காகச் செவிடாகத்தான் வேண்டுமா என்று இவர்களைப் போன்றவர்கள் பகிரங்கமாகக் கேட்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கட்டத்துக்கு ஒரு முகம் ஏற்பட்டது. ஆராய்ச்சிகளின் முடிவுகளும் அவ்வாறே அமைய, 2018-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த ஊசியைச் சிபார்சிலிருந்து விலக்கி, பெடாகுவிலின் முதலிய மாத்திரைகளுக்கு முதலிடம் கொடுத்தது. அத்துடன் அவ்விரு பெண்மணிகளும் நிற்கவில்லை. பெடாகுவிலின் மீது உரிமை கொண்டாடிய ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி தன் காப்புரிமையை மேலும் நீட்டிக்கொள்ள இந்தியாவில் செய்த விண்ணப்பத்தை ஆட்சேபித்து 2019-இல் மனுக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது; மற்றக் கம்பெனிகளும் மலிவாக அம்மருந்தைத் தயாரிக்க அதனால் வழி பிறந்தது.

காசநோயைவிட அதிகமான அபவாதத்துக்கு ஆளான ஒரு வியாதியின் சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டை விட்டு விரட்டிய அக்காலத்தில், 1997-இல் தொற்றுள்ளவர்களே கூடி இதே சென்னையில் தங்களுக்கென்று ஓர் அகில இந்தியச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள்; அடுத்த ஆண்டில் பெண்கள் தனியே ஒரு சங்கம் கண்டார்கள். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தொடங்கியதிலும், புதிதாக வந்தவர்களை அம்மருந்தில் நிலைக்கச் செய்ததிலும், பின்னர் 2017-இல் அவர்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியதிலும் இத்தகைய சங்கங்களின் குரலுக்குப் பங்கு உண்டு. அத்தனை பயத்துக்கு நடுவில் அவர்களால் பேச முடிந்ததென்றால், குணப்படுத்தவே கூடிய காசநோயில் அது ஏன் இயலாது?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் முக்கியமானது, அனுபவம் என்ற பெயரில் அபத்தமும் பரவுமே என்பது. இது தள்ளிவிடத்தக்க ஆட்சேபம் அல்ல. இன்ன லேகியத்தில் எனக்குக் குணமாயிற்று, இன்ன மாத்திரையை நான் பாதியில் விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி நாலு பேர் கெட்டுப்போவதை நாம் நித்தம் பார்க்கிறோம். ஒரு தேகத்துக்கு ஒத்துக்கொண்டது மற்றொன்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நியதி கிடையாது. ஆகவே பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். தனக்கு நேர்ந்ததை மட்டுமே சொல்வது, எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ யோசனை கூறாமலிருப்பது, அபாயக் குறி எதையேனும் கேள்விப்பட்டால் அக்கணமே டாக்டரிடம் அனுப்புவது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இவற்றைச் சில நாள் பயிற்சியில் கற்பித்துவிடலாம். பொய் வைத்தியம் செழிப்பது மெய்யான அனுபவங்கள் வாய் மூடிக் கிடக்கும் இடத்தில்தான்.

மற்றோர் ஆட்சேபம் மானத்தைப் பற்றியது. வியாதி வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, வாடகை வீடு காலி செய்யச் சொல்வார்கள், வேலை போய்விடும் என்ற அச்சங்கள் கற்பனையல்ல. ஆதலால் பேசும்படி ஒருவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது. புகைப்படம் எடுப்பதும், பெயரைப் பலகையில் எழுதுவதும், மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்திக் காட்சிப் பொருளாக்குவதும் அறவே கூடாது. பேசுவதற்கு ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, மௌனமாக இருப்பதற்கும் அவ்வளவு உரிமை உண்டு.

இத்துறையில் ஒன்றுமே நடைபெறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. சென்னையில் 1999 முதல் இயங்கிவரும் ‘ரீச்’ போன்ற தொண்டு நிறுவனங்கள், குணமடைந்தவர்களை டி.பி. சாம்பியன்கள் என்ற பெயரில் பயிற்றுவித்துப் பிற நோயாளிகளிடம் அனுப்பி வருகின்றன. தமிழ்நாட்டு அரசாங்கமும் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கி, நோய் முற்றியவர்களை ஆரம்பத்திலேயே கண்டறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க முனைந்திருக்கிறது. ஆனால் தொண்டு நிறுவனத்தின் முயற்சி நன்கொடை உள்ளவரையில்தான் நடக்கும். அது சென்றடையாத ஊர்களில் இருப்பவரும் நோயாளிதானே! எனவே காசநோய்ச் சிகிச்சை நடைபெறும் ஒவ்வொரு மையத்திலும் வாரத்தில் ஒருநாள், குணமடைந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதியவர்களோடு தனியறையில் உட்கார்ந்து பேச இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். கூலி வேலையை விட்டு வரும் அவர்களுக்குத் தொண்டு என்று சொல்லி நன்றியோடு நிறுத்திவிடாமல், நாள் ஊதியமும் பஸ் சார்ஜும் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டறிந்த குறைகளை வைத்திய அதிகாரி மாதம் ஒருமுறை கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். மருந்தினால் விளையும் தீங்குகளை நோயாளியே நேரில் தெரிவிப்பதற்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் மத்திய அரசாங்கத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறது. அதை அறிந்த நோயாளிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாத்திரைப் பட்டையோடு அந்த எண்ணையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

டயாலிஸிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறவர்களுக்கும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்கிறவர்களுக்கும், இன்சுலின் போடத் தொடங்கும் குழந்தைகளின் பெற்றோர்களுக்கும் இதே துணை வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் காசநோயில் தொடங்கி, ஆயுள் முழுதும் தொடரும் வியாதிகளுக்கு இதனை விஸ்தரிக்கலாம். இதற்குப் புது மருந்தும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். சுகாதாரத் துறையின் உத்தரவு ஒன்றும், வரவுசெலவுத் திட்டத்தில் சிறு தொகையும் போதும். அந்த உத்தரவு வரும்வரை காத்திராமல், சிகிச்சை முடித்து நலமாக இருக்கும் வாசகர்கள் தம் தெருவில் எவரேனும் மாத்திரை தொடங்கியதாகத் தெரிந்தால், அவர் விரும்பினால், ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், தமக்கு நேர்ந்ததை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.