படம் உலரும் வரை

இருட்டறையில் வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றும் அந்த நிமிஷத்தை வர்ணிக்காத புகைப்படக்காரர் இல்லை. ஆனால் அப்படித் தோன்றிய முகத்தை ஈரம் போக உலர்த்தி எடுக்க வேண்டுமே, அதைப் பற்றி யார் வாய் திறக்கிறார்கள்? நன்றாய் விழுந்த படங்கள் பல நாசமாவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கெடுத்தவர்கள் வரிசையில் நானும் ஒருவன் என்பதால், இந்த வாரம் அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. ஏறக்குறைய 5,000 அடி உயரம். ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரியின் அக்கரை கண்ணுக்குப் புலப்படாது. பனிமூட்டம் ஜன்னல் வழியே நுழைந்து அழையா விருந்தாளியைப் போல் அறைக்குள் உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஜாடியில் உப்பு கசியும்; தீக்குச்சி உரசினால் பற்றாது. சமவெளியில் ஓர் இரவில் உலரும் படம், இங்கே இரண்டாம் நாளும் தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மாலையில், பக்கத்துக் காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். உள்ளே பழைய துணியில் சுற்றிய கண்ணாடி நெகடிவ் ஒன்று. அவருடைய தாயார் இளம் பெண்ணாக இருந்தபோது எடுத்தது.

“வாத்தியாரையா, நாளைக்குக் காலையிலே அம்மாவுக்கு வருஷத் திதி. வேற படமே கிடையாதுங்க” என்றார்.

என்னிடம் இருந்த நல்ல காகிதமோ ஒரே ஒரு தாள். படம் அற்புதமாக விழுந்தது. அலசி முடித்ததும் மணி பத்து. காலைக்குள் உலர வேண்டுமே என்ற பதைப்பில், அதை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு பலகையை அழுத்தி, கணப்புச் சட்டிக்கு அருகில் சாத்திவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால், ஒற்றுத்தாள் அந்த அம்மாளின் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் ஒட்டியது? படத்தின் முகப்பில் இருப்பது ஜெலட்டின் என்னும் மெல்லிய படலம். வெள்ளித் துகள்கள் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. நீரில் ஊறினால் ஜெலட்டின் உப்பி, உறைந்த தயிரைப் போல் இளகி நிற்கும். நகம் பட்டால் கீறும். விரல் பட்டால் ரேகை பதியும். அந்த நிலையில் சூடு காட்டினால் பசையாகவே மாறிவிடும். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரமும் ஏறக்குறைய இதே பொருள்தானே! நான் செய்தது படத்தை உலர்த்தியதல்ல. ஒற்றுத்தாளைப் பசை தடவி ஒட்டியதுதான்.

1858-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற சென்னை அரசாங்கப் புகைப்படக்காரரின் ராயக்கோட்டை முதலிய சேலம் ஜில்லாப் படங்கள் தொகுப்பாக வெளிவந்தன. அவர் காலத்தில் இந்த ஜெலட்டின் தொல்லை இல்லை. 1871-ல் ரிச்சர்ட் மாடக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் கண்ணாடித் தகட்டில் ஜெலட்டினைப் பூசிக் காட்டிய பிறகே அது புகைப்படக் கலைக்குள் புகுந்தது. பின்னர் காகிதத்துக்கும் வந்தது. சௌகரியம் வந்தபோது சங்கடமும் கூடவே வந்தது.

இப்போது நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். ஹைப்போவில் அமிலமும் படிகாரமும் கலந்திருந்தால் ஜெலட்டின் சற்று இறுகும். வெயில் காலத்தில் சமவெளியில் வேலை செய்வோர் இதை மறக்கலாகாது. அலசிய படத்தைச் சாய்த்து வைத்த சுத்தமான கண்ணாடியில் முகம் மேலாகப் பரப்பி, ரப்பர்ப் பட்டையால் ஒரே வீச்சில் நீரை வழித்துவிட வேண்டும். முக்கியமான காரியம் இதுதான். ஒரு துளி நீர் முகத்தில் தங்கினாலும் அந்த இடம் மட்டும் கடைசியில் உலர்ந்து, சுற்றியுள்ள பகுதியோடு ஒத்துச் சுருங்காமல், வட்டத் தழும்பாய் நின்றுவிடும். நீர் உப்பாயிருந்தால் வெண்புள்ளியும் சேரும். கடைசி அலசலுக்கு மழைநீரை வடிகட்டி வைத்துக்கொள்வது நலம்.

பிறகு, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் கொசுவலையின்மேல் படத்தை வைக்க வேண்டும். முகம் மேலா, கீழா என்பது பற்றிப் புகைப்படக்காரர்களிடையே சைவ வைணவச் சண்டை உண்டு. முகத்தில் நீரின் பளபளப்பு மறையும் வரை மேலாகவும், பிறகு கீழாகவும் வைப்பது என் கட்சி. ஜெலட்டின் சுருங்கும்போது காகிதத்தைத் தன் பக்கம் இழுக்கும். கவிழ்த்து வைத்தால் அந்தச் சுருளல் குறைகிறது. அறையில் காற்று மெதுவாக அசைந்தால் போதும். விசிறியை முகத்துக்கு நேரே வைத்தால் தூசிதான் வந்து உட்காரும். முழுவதும் உலர்ந்த பிறகு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றலாம். என் வீட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனின் ஆறு தொகுதிகளும் இந்தத் திருப்பணியைச் செய்கின்றன. சொற்களுக்காகவும் அவற்றைப் பிரிப்பதுண்டு.

கண்ணாடிபோல் மினுங்கும் படம் விரும்புவோர், பளபளப்புக் காகிதத்தை ஈரத்தோடு மாசற்ற கண்ணாடியில் முகம் கவிழ்த்து அழுத்தி வைப்பார்கள். உலர்ந்ததும் அது தானே கழன்று விழும். அவசரப்பட்டு உரித்தால் சிப்பி ஓட்டின் வரிகள்போல் கோடுகள் விழும். சில சமயம் படமே கிழியும். பிளாஸ்டிக் பூசிய இக்காலத்துக் காகிதத்துக்கு இந்த வித்தை தேவையில்லை. நீரை வழித்து வைத்தால் அது விரைவில் உலரும். ஆனால் கடுஞ்சூடு காட்டினால் பூச்சு உருகிக் கெடும்.

காகிதம் என்றதும் மனம் நீலகிரிக்குப் போகிறது. உதகமண்டலத்தில் 1960-ல் தோன்றி 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் நமக்கு அளித்து வந்தது. அது மூடப்பட்டுவிட்டது. என்னிடம் அன்று மிஞ்சியிருந்த ஒற்றைத் தாள் அயல்நாட்டிலிருந்து வந்தது. அதன் விலையை எண்ணித்தான் ஒரே ஒரு தாள் வைத்திருந்தேன்.

அந்த விடியற்காலையில் வேறு வழியின்றி, ஒற்றுத்தாளோடு சேர்த்தே படத்தைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டேன். பிய்த்து எடுக்கக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறி நாராய்ப் பிரிந்தது. ஈரப் பஞ்சால் மேலாக வருடியபோது கன்னம் தெளிந்தது, கண்ணும் தெளிந்தது. காதோரத்தில் மட்டும் படலம் பெயர்ந்து, தோட்டின் அளவுக்கு வெள்ளையாய் நின்றது.

எட்டு மணிக்குக் கணக்குப்பிள்ளை வந்தார். படம் இன்னும் ஈரமாகவே இருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் படத்தைக் கண்ணாடியோடு இரு கைகளாலும் ஏந்தி வெகு நேரம் பார்த்தார்.

“இருக்கட்டுங்கையா. இப்படியே கொண்டு போறேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடாமப் பாத்துக்கறேன்” என்றார்.

காதோரத்து வெள்ளையின்மேல் சந்தனம் வைத்தார்களாம்.