கவர்னருக்குத் தேர்தல் எப்போது?

அரியாங்குப்பத்துப் படிப்பகம் ஒன்றின் திண்ணையிலே, ஞாயிறு காலை, ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த இளைஞர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. 2025 நவம்பரிலே அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களிலும் கவர்னர் பதவிக்குத் தேர்தல் நடந்த செய்தியை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த முதியவர், கடலோடிக் கறுத்த கையால் நெற்றியைத் துடைத்தவாறு, "அங்கே கவர்னருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். சரி தம்பி, நம்ம ஊர்க் கவர்னருக்குத் தேர்தல் எப்போது? யார் யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டார்.

இளைஞர்கள் சிரித்தனர். முதியவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குரிய கேள்வி அன்று அது. சட்டம் படித்தோரும் சட்டமன்றம் சென்றோரும் விடை கூறக் கடமைப்பட்ட கேள்வி. வாக்குக் கேட்டு வாயில் தோறும் செல்லும் நாம், இந்த வினாவுக்கு விளக்கம் கூறாமல் நழுவலாமா?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அமெரிக்காவிலே கவர்னர் என்பவர் நம் நாட்டு முதலமைச்சரைப் போன்றவர். ஆட்சி நடத்துபவர் அவரே. மக்களுக்குப் பதில் சொல்பவரும் அவரே. ஆகவே மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் நாட்டிலோ ஆட்சி நடத்த முதலமைச்சரும் அமைச்சர்களும் உளர். அவர்களுக்கு மேலே மாளிகையிலே கவர்னர் உளர். மக்கள் தேர்ந்தெடுத்தவர் கீழே. மக்கள் முகமே அறியாதவர் மேலே! இந்த விந்தை எவ்வாறு விளைந்தது?

விடுதலைக்கு முந்திய மாதம், 1947 ஜூலையிலே, அரசியல் நிர்ணய சபையின் முன் வல்லபாய் படேல் ஓர் அறிக்கையை வைத்தார். மாகாணக் கவர்னரை வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதிலே கண்ட திட்டம். சபையும் அதனை ஏற்றது. ஆம், தோழர்களே! கவர்னருக்குத் தேர்தல் என்பது கற்பனையன்று. இந்தியாவை ஆளவிருந்தோர் ஒரு காலத்திலே ஒப்புக்கொண்ட திட்டம்!

பிறகு வரைவுக் குழு மற்றொரு வழியையும் உடன் வைத்தது. சட்டமன்றம் நான்கு பெயர்களைத் தேர்ந்து அனுப்பட்டும், அவர்களுள் ஒருவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்தட்டும் என்றது. அந்த நான்கு பேர் பட்டியலும் நிலைக்கவில்லை. 1949 மே திங்கள் இறுதியிலே, கவர்னரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்று சபை முடிவு செய்தது.

ஏன் மாற்றினர்? காரணம் கூறினர். அக்காரணம் முழுதும் பொய்யென்று நாம் தள்ளிவிடவில்லை. மக்கள் வாக்கைப் பெற்ற முதலமைச்சர் ஒருபுறம், அதே மக்களின் வாக்கைப் பெற்ற கவர்னர் மறுபுறம் என்றால், ஓருறையில் இருவாள் என்ற கதையாகுமே என்று அஞ்சினர். கவர்னர் தாமே செய்யக்கூடிய பணி ஏதுமில்லை. அமைச்சரவை சொற்படி நடப்பதே அவர் கடமை. அப்படிப்பட்ட பதவிக்காக நாடெங்கும் தேர்தல் நடத்திப் பொருளையும் பொழுதையும் செலவிடுவானேன் என்பது டாக்டர் அம்பேத்கர் தந்த விளக்கத்தின் சாரம்.

இந்த இடத்திலே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அன்று நம்மிடம் செய்துகொண்ட உடன்பாடு என்ன? "அதிகாரம் இல்லை, ஆகவே தேர்தல் இல்லை" என்பது. அதிகாரமற்றவரைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்று எவரும் ஏங்கப் போவதில்லை. ஆனால் நடந்தது என்ன? தேர்தல் இல்லை என்ற பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டனர். அதிகாரம் இல்லை என்ற மறுபாதியைக் காற்றிலே பறக்கவிட்டனர்! ஆட்டின் தாடியைக் காட்டி அறிஞர் அண்ணா கவர்னர் பதவியை நையாண்டி செய்தார். இன்று அந்தத் தாடி, ஆட்டையே கட்டி இழுக்கும் கயிறாகி விட்டதே என்பதுதான் நம் கவலை.

எங்கோ நடப்பதைக் கூறவில்லை. நம் புதுவையிலே நடந்ததைக் கூறுகிறேன்.

2016 மே திங்களிலே துணைநிலை ஆளுநராகப் புதுவைக்கு வந்தார் கிரண் பேடி அம்மையார். காவல்துறையில் உயர் பதவி வகித்தவர். 2015-இல் டெல்லியிலே பா.ஜ.க.வின் முதலமைச்சர் வேட்பாளராக நின்று, தாம் போட்டியிட்ட கிருஷ்ணா நகர்த் தொகுதியிலேயே தோற்றவர். டெல்லி மக்கள் வேண்டாமென்றவரைப் புதுவை மக்களின் தலைமேல் அமர்த்தினர். அதன் பின் நடந்தவற்றை நாடறியும். கோப்புக்குக் கோப்பு தகராறு. நாளுக்கு நாள் மோதல். ஏழைக் குடும்பத்துக்கு இலவச அரிசியை அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்பதிலே கூட, அரிசியே கொடுப்போம் என்ற அமைச்சரவையின் முடிவு நிற்கவில்லை. பணமே என்ற ஆளுநரின் முடிவு நின்றது. அரியாங்குப்பத்து அடுப்படியிலே உலை வைப்பவளுக்கு எது தேவை என்பதை, அவளிடம் ஒருபோதும் வாக்குக் கேட்க வேண்டியிராதவர் முடிவு செய்தார்!

2019 பிப்ரவரியிலே முதலமைச்சர் நாராயணசாமி, ஆளுநர் மாளிகையின் வெளியே தெருவிலே அமர்ந்து அறப்போர் நடத்தினார். மக்கள் அளித்த ஆட்சி நடைபாதையிலே. டெல்லி அளித்த ஆட்சி மாளிகையிலே! இதைவிடத் தெளிவான படம் எந்த ஓவியன் தீட்டப் போகிறான்?

வழக்கு மன்றம் சென்றதும் உண்டு. அன்றாட நிர்வாகத்திலே துணைநிலை ஆளுநர் தலையிடலாகாது என்று 2019 ஏப்ரலிலே சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மார்ச்சிலே, அத்தீர்ப்பை இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2021 பிப்ரவரி 16-இல் அம்மையார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வந்தது ஓர் ஆணையால். சென்றதும் ஓர் ஆணையால். வரும்போதும் நம்மைக் கேட்கவில்லை. போகும்போதும் நம்மைக் கேட்கவில்லை.

அதே மாதம் 22-ஆம் நாள் நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. கணக்கைப் பாருங்கள். பதவி விலகல்களுக்குப் பின் ஆளும் அணியிலே பேரவைத் தலைவர் உட்படப் பன்னிருவர், எதிரணியிலே பதினால்வர். அந்தப் பதினால்வருள் மூவர் எந்தத் தொகுதி மக்களாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். டெல்லியால் நியமிக்கப்பட்டவர். முப்பது தொகுதிகளில் மக்கள் வியர்வை சிந்தி வாக்களித்துத் தேர்ந்தனர். மூன்று இடங்களை ஒரு தாளிலே கையொப்பமிட்டு நிரப்பினர். அந்த மூவருக்கும் வாக்குரிமை உண்டென்று 2018 டிசம்பரிலே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் அப்படி இருக்கிறது என்றால், அந்தச் சட்டத்தைத்தானே மாற்ற வேண்டும் என்கிறோம்!

சரி, முதியவர் கேட்டாரே, "யார் யார் நிற்கிறார்கள்?" என்று. தேர்தலில்லாத இந்தத் தேர்தலிலும் வேட்பாளர்கள் உண்டு, தோழர்களே! முதல் வகை வேட்பாளர், ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. பணியிலே இருந்தபோது பணிந்ததற்குப் பரிசு. இரண்டாம் வகை, தேர்தலிலே தோற்றவர். மக்கள் தந்த காயத்துக்கு மாளிகை மருந்து. மூன்றாம் வகை, கட்சியிலே இடம் போதாமல் ஒதுக்கப்பட்ட மூத்தவர். இவர்கள் சுவரொட்டி ஒட்டுவதில்லை, தெருமுனையிலே பேசுவதில்லை. இவர்களுக்கு வாக்காளர் ஒருவரே. அந்த வாக்குச்சாவடியும் டெல்லியிலே!

பெயர் சொல்லாமல் பேசுவது நம் வழக்கமன்று. கிரண் பேடிக்குப் பின் பொறுப்பேற்ற தமிழிசை சௌந்தரராசன், 2019-இல் தூத்துக்குடியிலே தோற்றபின் தெலங்கானாவுக்குக் கவர்னராக்கப்பட்டு, புதுவையைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்தவர். அவருக்குப் பின் சி.பி. இராதாகிருஷ்ணன், அவருக்கும் கூடுதல் பொறுப்பே. 2024 ஆகஸ்டிலே பொறுப்பேற்ற கைலாசநாதன், குசராத்திலே பணியாற்றிய ஆட்சிப்பணி அதிகாரி. இவர்களது தனிப்பட்ட நேர்மையை நாம் குறை கூறவில்லை. தேர்ந்த முறையைத்தான் கேட்கிறோம். மூன்றரை ஆண்டுக்காலம் புதுவைக்கென்று முழுநேர ஆளுநர் ஒருவர் இல்லாமலே காலம் ஓடிற்றே! அப்போது கடல் பொங்கிற்றா, வானம் இடிந்ததா? இல்லாமலே நடக்கும் என்று அவர்களே காட்டிய ஒன்றுக்கு இத்தனை அதிகாரம் எதற்கு?

நியாயமும் கூற வேண்டும். நியமனம் பெற்றோருள்ளும் நிமிர்ந்து நின்றவர் உண்டு. 1991 சனவரியிலே தமிழ்நாட்டு அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்தார் அந்நாள் கவர்னர் சுர்சித் சிங் பர்னாலா. அவர் அறிக்கை தராமலே ஆட்சி கலைக்கப்பட்டது என்பது வேறு. ஆனால் ஓர் ஆட்சிமுறை, நல்லவர் ஒருவர் வாய்ப்பாரா என்ற நற்பேற்றை நம்பியா நிற்பது? பலகை உடைந்த படகிலே ஏறிவிட்டு, காற்று நல்லதாக வீசட்டும் என்று வேண்டிக்கொள்வதா?

வழி சொன்னவர் இல்லையா? உளர். 1969-இல் தமிழ்நாட்டுக் கழக அரசு அமைத்த இராசமன்னார் குழு, மாநில அமைச்சரவையைக் கலந்தே கவர்னரை அமர்த்த வேண்டும் என்றது. மத்திய அரசே அமைத்த சர்க்காரியா ஆணையம், 1988-இல் தந்த அறிக்கையிலே, அண்மைக் காலத்திலே அரசியலில் மிகுதியாக ஈடுபட்டவர் வேண்டாம், முதலமைச்சரைக் கலந்து அமர்த்துக என்றது. 2010-இல் பூஞ்சி ஆணையம், பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், அந்த மாநில முதலமைச்சர் ஆகியோர் கொண்ட குழு தேர்ந்தெடுக்கட்டும் என்றது. மூன்று அறிக்கைகள்; மூன்றும் அலமாரியிலே!

"புதுவை சிறிய பகுதி, அதற்கு இந்த உரிமையெல்லாம் எதற்கு?" என்பர் மாற்றார். 1963-இல் இயற்றப்பட்ட யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் கீழ் அன்று சட்டமன்றம் பெற்றவை ஐந்து. இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுவை. இமாசலம் 1971-இல் மாநிலமாயிற்று. மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல் ஆயின. கோவா 1987-இல் ஆயிற்று. உடன் பிறந்தோர் நால்வரும் மணமாகித் தனிமனை புகுந்தனர். ஐந்தாமவள் மட்டும் இன்னும் வாசற்படியிலே! 2011 கணக்கெடுப்பின்படி சிக்கிமின் மக்கள் தொகை ஏறத்தாழ 6 இலட்சம். மிசோரம் 11 இலட்சம். புதுவை 12 இலட்சத்துக்கு மேல். அவை மாநிலம், இது மட்டும் பிரதேசம். இதிலே எங்கே இருக்கிறது அளவுகோல்?

கவர்னர்களை அறியாத மண்ணா இது? பாரிசிலிருந்து அனுப்பப்பட்டவர் ஆண்ட காலத்தையும் கண்டது. 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட வந்தபோது, முதலில் அவரைத் தடுத்து நிறுத்தியது அரியாங்குப்பத்துக் கோட்டை. அன்று போரிட்டவர் இரு வெள்ளையர்; மண் மட்டும் நம்முடையது. எந்தக் கவர்னர் வேண்டும் என்று இங்கே வாழ்ந்தவனை எவரும் கேட்கவில்லை. ஆனால் 1954 அக்டோபர் 18-இல் கீழூரிலே கேட்டனர். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றனர். எந்தக் கொடியின் கீழ் வாழ்வது என்பதையே வாக்கால் தீர்த்துக்கொண்ட மக்கள் இவர்கள். அவர்களைப் பார்த்து, அரிசி வேண்டுமா பணம் வேண்டுமா என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது என்று கூறுவது தகுமா?

ஆகவே முதியவருக்கு நாம் கூறும் விடை இது. "ஐயா, கவர்னருக்குத் தேர்தல் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நீங்கள் வாக்களித்து அமைத்த அமைச்சரவையின் சொல்லே முடிந்த சொல்லாக வேண்டும் என்று கேட்கிறோம். புதுவை முழு மாநிலமாக வேண்டும். நியமன உறுப்பினருக்கு ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கு இருத்தலாகாது. கவர்னர் பதவி இருக்கும் வரையில், முதலமைச்சரைக் கலந்தே அவரை அமர்த்த வேண்டும்."

இறுதியாக நமக்கு நாமே கூறிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. டெல்லி நம்மைக் கேட்கவில்லை என்று முழங்குகிறோம். புதுவையிலே ஆண்ட கட்சிகள் மக்களைக் கேட்டனவா? உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, அடுத்தது 2006-இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! 2011-இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, மறுபடியும் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலே மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அமரவில்லை, அதிகாரி அமர்ந்தார். அவரும் ஒரு சிறிய கவர்னர்தானே? மேலே உள்ள நியமனத்தை எதிர்ப்பவன், கீழே உள்ள நியமனத்தைக் கண்டு வாளாவிருப்பானாயின், அவன் கேட்பது மக்களாட்சியன்று, தனக்கு ஒரு நாற்காலி என்றே மக்கள் எண்ணுவர்.

எனவே தோழர்களே, அடுத்த கிழமை நீங்கள் கூட்டம் போடும்போது இரண்டையும் சேர்த்தே பேசுங்கள். மாநில உரிமையையும் பேசுங்கள். தெருக்குழாய்க்கு நீர் வராவிட்டால் கேட்பதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் வேண்டும் என்பதையும் பேசுங்கள். திண்ணையிலே அந்த முதியவர் இன்னும் அமர்ந்திருக்கிறார். அவர் விடைக்காகக் காத்திருக்கிறார். சிரித்து மழுப்பாமல், அருகே அமர்ந்து, பொறுமையாக விளக்கம் கூறுங்கள். அவருக்கு விளங்கிவிட்டால் ஊருக்கே விளங்கிவிடும். ஊருக்கு விளங்கிய உண்மையை எந்த மாளிகையின் மதிற்சுவரும் நெடுநாள் தடுத்து நிறுத்தியதில்லை!