கவலை வயது மாறியிருக்கிறது

கவலையெல்லாம் நாற்பதுக்கு மேல்தான் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். கடன், மகளின் நிக்காஹ், வயதான பெற்றோர், வெளிநாட்டு வேலை எப்போது போகுமோ என்ற பயம் என எல்லாம் ஒன்றாக வந்து சேரும் வயது அது. ஆய்வாளர்களும் நெடுங்காலம் இதையே சொன்னார்கள். பொருளியலாளர்கள் டேவிட் பிளாஞ்ச்பிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி மனநிறைவு இளமையில் உயர்ந்திருக்கும், நடுவயதில் தாழும், முதுமையில் மீண்டும் ஏறும்.

அதே பிளாஞ்ச்பிளவர்தான் இப்போது படம் மாறிவிட்டது என்கிறார். அலெக்ஸ் பிரைசன், சியாவ்வெய் சூ ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 2025 ஆகஸ்டில் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்தது. அமெரிக்கா, பிரிட்டனின் பல ஆண்டுத் தரவுகளையும், 44 நாடுகளில் திரட்டிய தரவுகளையும் அது ஆராய்கிறது. மனத்துயரம் இன்று இளைஞர்களிடம்தான் உச்சத்தில் இருக்கிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. நடுவயதினர் நிம்மதி அடைந்துவிட்டதால் வந்த மாற்றமல்ல இது. இளைஞர்களின் நிலை, குறிப்பாக இளம்பெண்களின் நிலை, அவ்வளவு மோசமாகிவிட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 44 நாடுகளின் தரவு இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களுடையது. இணையமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதில் இல்லை.

காரணம் என்ன? செல்போன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நமக்கு எளிது. ஜும்ஆ பயானில் நாமும் அப்படிப் பேசியவர்கள்தான். ஆய்வாளர்களோ வேலைவாய்ப்பு நெருக்கடி, நிதியில்லாத மனநலச் சேவைகள், கொரோனா காலம், சமூக ஊடகம் எனப் பலவற்றை முன்வைத்து, இன்னும் ஆராய வேண்டும் என்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை இருந்தது. சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. சிகிச்சைக்குப் போகாத அவர்கள் எங்கே போகிறார்கள்? ஒரு பகுதியினர் நம்மிடம் வருகிறார்கள்.

"பிள்ளை தூங்க மாட்டேங்கிறா, சாப்பிட மாட்டேங்கிறா, யாரோடயும் பேசுறதில்ல. ஓதிப் பாருங்க ஹஜ்ரத்" என்று பிளஸ் டூ படிக்கும் மகளை அழைத்து வந்து நிற்பார் ஒரு தாய். ஓதுவோம், தண்ணீரில் ஊதிக் கொடுப்போம், அனுப்பிவிடுவோம். டாக்டரிடமும் காட்டுங்கள் என்று சொல்ல நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் என்பதை மதரஸாவிலேயே படித்திருந்தும் இந்தத் தாமதம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். அவர்களையும் யாரோ ஒரு வாப்பாவும் உம்மாவும் குணமாகட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

முதுமையைப் பற்றி அந்த ஆய்வு சொல்லும் ஆறுதலை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு. பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வீடியோ காலுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் பலர். 1938-ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வில், 50 வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் நலமாக இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவைவிட இதுவே நல்ல முன்னறிகுறியாக இருந்தது. ஆண்களை மட்டுமே கொண்டு தொடங்கிய ஆய்வு அது. உம்மாமார்களின் கதை அதில் எவ்வளவு என்பது வேறு கேள்வி.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நம் மஸ்ஜித் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே இதை எழுதி வைத்தபோது, "இது எதுக்கு இங்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. அடுத்த வாரம் அதே பலகையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.