யார் கொள்ளைக்காரன்?

இங்கிலீஷில் "பைரசி" என்று ஒரே வார்த்தை. நடுக்கடலில் கப்பலை மடக்கினாலும் பைரசி. தியேட்டரில் படத்தைக் காப்பி அடித்தாலும் பைரசி!

தமிழில் நம்ம ஆட்கள் தெளிவு. முன்னது கடற்கொள்ளை. பின்னது திருட்டு வி.சி.டி. கொள்ளையில் கத்தி உண்டு. திருட்டில் கத்தி இல்லை.

சட்டமும் பிரித்துத்தான் பார்க்கிறது. கடற்கொள்ளைக்கு, நாடாளுமன்றம் 2022-ல் நிறைவேற்றிய சட்டப்படி ஆயுள் தண்டனை வரை. உயிர் போனால் மரண தண்டனையும் உண்டு. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால், 2023-ல் திருத்திய சினிமா சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு ஜெயில். அபராதம் 3 லட்சத்துக்குக் குறையாது.

ஆனால் தமிழ்நாட்டில் 2004-ல் என்ன செய்தார்கள்? திருட்டு வி.சி.டி.காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்!

படம் எடுப்பவர் வட்டிக்கு வாங்கித்தான் எடுக்கிறார். லைட்மேன் வரை பல குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது. திருடினால் தண்டிக்க வேண்டியதுதான். அதில் தகராறு இல்லை.

அதற்காக, பிளாட்பாரத்தில் சி.டி. விற்றவனும் குண்டனும் ஒன்றா? சி.டி. காலமும் போய், இன்று செல்போனுக்கே படம் வருகிறது. முதல் காப்பியை வெளியே விட்டவன் எங்கே? அவனைப் பிடியுங்கள்!

பார்க்கிற நமக்கும் பங்கு உண்டு. ஓசியில் வந்தால் மட்டும் "திருட்டு" என்ற வார்த்தை நமக்கு மறந்து போகிறதே, அது ஏன்?